பெரிய அசம்பாவிதம் நடந்தா போலீஸ் கமாண்ட் எப்படி இயங்குது: முதல் வண்டில இருந்து டீப்ரீஃப் வரைக்கும் முழுமையான வழிகாட்டி

குண்டுவெடிப்பு, ரயில் விபத்து, கூட்ட நெரிசல், வெள்ளம்னு ஏதாவது பெருசா நடந்தா டிவில நமக்குத் தெரியறது சைரன், ஓடுற போலீஸ், கட்டின டேப், அவ்வளவு தான். அதுக்குப் பின்னாடி யாரு யாருக்கு ஆர்டர் போடறாங்க, எந்த ரூம்ல உக்காந்து முடிவு எடுக்கறாங்க, அந்த ரூமுக்கு தகவல் எப்படி வந்து சேருதுன்னு தமிழ்ல விளக்கமா எழுதினது கம்மி. எஸ்.ஐ எக்ஸாமுக்கு படிக்கறவங்க, டிசாஸ்டர் மேனேஜ்மென்ட் படிக்கறவங்க, வெள்ள நேரத்துல வாலண்டியரா இறங்குறவங்க எல்லாருக்கும் இது தேவைப்படும், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முக்கியமா பிரிட்டனோட முறைய வச்சு தான் சொல்லப் போறேன். அங்க பெரிய சம்பவம் நடந்தா நிமிஷ வாரியா விசாரிச்சு, யாரு எத்தனை மணிக்கு என்ன பண்ணாங்கன்னு எல்லாத்தையும் வெளிய போடுவாங்க, அதனால நடந்த தப்பையும் சேர்த்தே படிக்க முடியும். 2017 மே 22 ராத்திரி 10:31-க்கு மான்செஸ்டர் அரீனால கச்சேரி முடிஞ்சு ஜனங்க வெளிய வர்ற நேரத்துல குண்டு வெடிச்சு 22 பேர் செத்துப் போனாங்க. அத பத்தி சர் ஜான் சாண்டர்ஸ் தலைமையில நடந்த விசாரணையோட இரண்டாவது தொகுதி 2022 நவம்பர்ல வந்துச்சு, மீட்புப் பணி எங்கெங்க உடைஞ்சுதுன்னு அதுல இருக்கு. ஸ்பாட்ல இருந்த போலீஸ்காரங்க தைரியத்துக்கு குறைச்சலே இல்ல, உயிரக் கொடுத்து வேலை பாத்தாங்க. உடைஞ்சது தகவல் போக வேண்டிய பாதை. கீழ வர்ற ஒவ்வொரு ஸ்டெப்லயும் "இது யாருக்குத் தெரியும், அவரு யாருகிட்ட சொன்னாரு" அப்படிங்கற கேள்விய மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

ஸ்டெப்புக்கு முன்னாடி: கோல்டு, சில்வர், பிரான்ஸ் (தங்கம், வெள்ளி, வெண்கலம்)

1985 அக்டோபர்ல வட லண்டன்ல பிராட்வாட்டர் ஃபார்ம் குடியிருப்புல பெரிய கலவரம் வெடிச்சுது, கீத் பிளேக்லாக்னு ஒரு கான்ஸ்டபிள கும்பல் கொன்னுடுச்சு. திடீர்னு வெடிக்கற சம்பவத்துல வழக்கமான ரேங்க் வரிசைய நம்பி கமாண்ட் பண்ண முடியாதுன்னு லண்டன் மெட்ரோபாலிட்டன் போலீஸுக்கு அப்ப தான் உறைச்சுது. அதுக்கப்புறம் அவங்க கொண்டு வந்தது தான் இந்த மூணு அடுக்கு, பின்னாடி ஃபயர், ஆம்புலன்ஸ் எல்லாரும் இதையே எடுத்துக்கிட்டாங்க.

கோல்டுங்கறவர் என்ன சாதிக்கணும், எது வரைக்கும் போகலாம்னு முடிவு பண்றவரு. அவரு ஸ்பாட்டுக்கு வரவே கூடாது, வந்தா கண்ணு முன்னாடி இருக்கற ஒரு தெருவ மட்டும் தான் பாப்பாரு, ஊர் மொத்தத்தையும் பாக்க ஆள் இருக்காது. சில்வர், கோல்டு சொன்னத எப்படி செய்யறதுன்னு பிளான் போடறவரு, எத்தனை ஆள் எந்தப் பக்கம், எந்த ரோடு ஆம்புலன்ஸுக்கு, எது முதல்ல எது அப்புறம்ங்கறது இவரு தலைவலி. பிரான்ஸ்னா ஒரு பகுதியையோ ஒரு வேலையையோ தன் டீமோட நேர்ல நடத்துறவரு, வடக்கு கேட்டுக்கு ஒரு பிரான்ஸ், டிராஃபிக்குக்கு ஒரு பிரான்ஸ், அப்படி எத்தனை பேர் வேணாலும் இருக்கலாம். இப்ப இத ஸ்ட்ராடஜிக், டாக்டிகல், ஆபரேஷனல்னும் சொல்றாங்க.

இதுல விட்டுடக் கூடாத ஒண்ணு, இது எல்லாமே ஏத்துக்கற பொறுப்பு, தோள்ல இருக்கற ஸ்டார் கணக்கு கிடையாது. சில்வரா ஒரு இன்ஸ்பெக்டர் இருக்கறப்ப அவர விட சீனியர் ஒருத்தர் ஸ்பாட்டுக்கு வந்துட்டாருன்னு தானா கமாண்ட் அவரு கைக்குப் போயிடாது. "இப்ப நான் எடுத்துக்கறேன், மணி இத்தனை"ன்னு சொல்லி, அத பதிவு பண்ணினாத் தான் கை மாறினதா அர்த்தம்.

ஸ்டெப் 1: முதல்ல போய் சேர்ற வண்டி

எனக்கு இந்த மொத்த விஷயத்துலயும் ரொம்பக் கஷ்டமானதுன்னு தோணறது இது தான். ரெண்டு பேரு ரோந்து வண்டில போறாங்க, முன்னாடி புகை, ரத்தம், "சார் இங்க வாங்க சார்"னு கத்துற ஜனங்க. மனுஷனா இருந்தா கதவத் திறந்துக்கிட்டு ஓடத் தான் தோணும். ஆனா டிரெயினிங்ல சொல்லிக் கொடுக்கறது, ரெண்டு பேர்ல ஒருத்தராவது ஓடக் கூடாது, நின்னு பாத்து மைக்ல சொல்லணும்ங்கறது. அவரு அந்த ரெண்டு நிமிஷம் பேசலன்னா பின்னாடி வர வேண்டிய முப்பது வண்டியும் கண்ணக் கட்டிக்கிட்டு வர்ற மாதிரி தான்.

பக்கத்துல போறதுக்கு முன்னாடி எண்ணிப் பாக்கணும். பிரிட்டன்ல இதுக்கு ஒன்-டூ-த்ரீனு ஒரு பழக்கம் இருக்கு. காரணம் தெரியாம ஒருத்தர் மயங்கிக் கிடந்தா வழக்கம் போல போய் பாருங்க, ரெண்டு பேருன்னா ஜாக்கிரதையா போங்க, மூணு பேர் அதுக்கு மேல ஒரே இடத்துல விழுந்து கிடந்தா விஷ வாயு மாதிரி ஏதோ இருக்குன்னு நினைச்சுக்கிட்டு தள்ளி நின்னு தகவல் சொல்லுங்க. நம்ம ஊர்ல கழிவுநீர்த் தொட்டில ஒருத்தர காப்பாத்த இன்னொருத்தர், அவர காப்பாத்த மூணாவது ஆள்னு வரிசையா இறங்கி உயிர விடறத எத்தனை தடவ நியூஸ்ல படிச்சிருக்கோம். இந்த எண்ணிக்கைய போலீஸ் மட்டும் இல்ல, எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கணும்.

ஸ்டெப் 2: மீத்தேன் மெசேஜ்

மைக்ல என்ன சொல்லணும்ங்கறதுக்கும் ஒரு வரிசை இருக்கு, பதட்டத்துல மறக்காம இருக்க மீத்தேன்ங்கற பேர் வச்சிருக்காங்க. எம்: இது மேஜர் இன்சிடென்ட், அதாவது வழக்கமான ஏற்பாடு பத்தாத பெரிய சம்பவம், அறிவிச்சாச்சு. ஈ: சரியான இடம் எது. டி: என்ன மாதிரி சம்பவம், வெடியா, தீயா, கட்டடம் இடிஞ்சதா. ஹெச்: என்ன ஆபத்து இருக்கு, இனிமே என்ன வரலாம். ஏ: எந்த வழியா உள்ள வரணும், எது அடைபட்டிருக்கு. என்: அடிபட்டவங்க எத்தனை பேர், எந்த நிலைமைல. கடைசி ஈ: யார் யாரெல்லாம் வந்தாச்சு, இன்னும் யாரு வேணும்.

கேக்க சாதாரணமா இருக்கும். ஆனா முதல் எழுத்துல தான் எல்லாமே இருக்கு. மேஜர் இன்சிடென்ட்னு ஒருத்தர் வாயால சொன்ன உடனே ஆஸ்பத்திரிங்க பெட்ட காலி பண்ண ஆரம்பிக்கும், பக்கத்து ஸ்டேஷன்ல இருந்து ஆள் கிளம்பும், போலீஸ், ஃபயர், ஆம்புலன்ஸ் மூணு சர்வீஸும் தங்களோட பிளான கையில எடுக்கும். மான்செஸ்டர்ல ரயில்வே பகுதியப் பாத்துக்கற பிரிட்டிஷ் டிரான்ஸ்போர்ட் போலீஸ் முதல் பத்து நிமிஷத்துக்குள்ள அறிவிச்சுட்டாங்க, ஆனா அது மத்த சர்வீஸுங்களுக்கு ஒழுங்கா போய் சேரல. முழு ஆபரேஷனையும் கையில வச்சிருந்த கிரேட்டர் மான்செஸ்டர் போலீஸ் அறிவிக்கறப்ப நள்ளிரவு தாண்டி கிட்டத்தட்ட ஒரு மணி. ரெண்டரை மணி நேரம் போயிடுச்சு.

தப்பா அறிவிச்சுட்டா என்ன பண்றதுன்னு பயப்படறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், அறிவிச்சுட்டு பத்து நிமிஷத்துல வாபஸ் வாங்கினா கொஞ்சம் டீசல் தான் வீண். அறிவிக்காம விட்டா போறது உயிர்.

ஸ்டெப் 3: கண்ட்ரோல் ரூம்ல அந்த ஒரு நாற்காலி

ராத்திரி பத்தரைக்கு ஏதாவது நடந்தா கோல்டு வீட்டுல தூங்கிட்டிருப்பாரு, சில்வர் வர அரை மணி ஆகும். அது வரைக்கும் மொத்த கமாண்டும் கண்ட்ரோல் ரூம்ல டியூட்டில இருக்கற ஒரு இன்ஸ்பெக்டர் கையில. மான்செஸ்டர்ல அவர ஃபோர்ஸ் டியூட்டி ஆபீசர்னு சொல்வாங்க.

அன்னைக்கு அவரு முன்னாடி இருந்த நிலைமைய நினைச்சுப் பாருங்க. ஆயுதம் தாங்கின டீம அனுப்பணும், அவங்களுக்கு எந்த அளவுக்கு அனுமதின்னு சொல்லணும், மேலதிகாரிங்களுக்கு போன் போடணும், இன்னொரு ஆள் துப்பாக்கியோட சுத்தறானாங்கற தகவல சரி பாக்கணும், இதுக்கு நடுவுல ஃபயர் கண்ட்ரோல், ஆம்புலன்ஸ், மீடியான்னு எல்லாரும் அவருக்கே கூப்பிடறாங்க, லைன் கிடைக்கவே இல்ல. 10:47-க்கு அவரு ஆபரேஷன் பிளேட்டோன்னு அறிவிச்சாரு, அதாவது ஆயுதத்தோட ஆளுங்க ஜனங்கள தாக்கிக்கிட்டு இருக்கற மாதிரி சூழல்னு அர்த்தம். அந்த அறிவிப்பு ஃபயருக்கும் போகல, ஆம்புலன்ஸுக்கும் போகல. தனி ஆள் மேல இவ்வளவு சுமைய ஏத்தின அமைப்பே தப்புன்னு விசாரணை சொல்லுச்சு, என் அபிப்ராயமும் அது தான்.

அதனால இந்த ஸ்டெப்ப அமைக்கற முறை இப்படி இருக்கணும். டியூட்டி ஆபீசர் பக்கத்துல முதல் அஞ்சு நிமிஷத்துக்குள்ள குறைஞ்சது மூணு பேர உக்கார வைங்க. ஒருத்தர் ஃபயர், ஆம்புலன்ஸ் கண்ட்ரோல் ரூமோட மட்டும் பேச, அந்த லைன வைக்கவே கூடாது. ஒருத்தர் அவரு எடுக்கற முடிவ எழுத. இன்னொருத்தர் மேலதிகாரிங்களுக்கு போன் போட. பொதுவா யாருக்கும் தெரியாத ஒரு தனி நம்பர் அந்த டேபிள்ல இருக்கணும். சம்பவம் நடந்த பிறகு ஆள் தேடக் கூடாது, இன்னைக்கு ஷிஃப்ட்ல யாரு அந்த மூணு பேருன்னு டியூட்டி ஏறும்போதே பேர் எழுதி ஒட்டணும்.

அமெரிக்காவுல இதுக்கு ஒரு கணக்கே வச்சிருக்காங்க. 1970-ல கலிஃபோர்னியா காட்டுத் தீயில 13 நாள்ல 16 பேர் இறந்தாங்க, பல ஏஜென்சி ஒண்ணுக்கொண்ணு பேச முடியாம தவிச்சதுல இருந்து பிறந்தது தான் இன்சிடென்ட் கமாண்ட் சிஸ்டம், 2004-ல அது நாடு முழுக்க போலீஸுக்கும் சேர்த்து வந்துடுச்சு. அதுல ஒருத்தருக்குக் கீழ நேரடியா மூணுல இருந்து ஏழு பேர் தான் ரிப்போர்ட் பண்ணலாம், அஞ்சு பேர்னா உத்தமம். அதுக்கு மேல போச்சுன்னா நடுவுல ஒரு ஆளப் போட்டு பிரிச்சுடணும்.

ஸ்டெப் 4: எல்லாரும் சந்திக்கற ஒரே இடம், மூணு வளையம்

ஸ்பாட்டுக்கு கொஞ்சம் தள்ளி, பாதுகாப்பான ஒரு இடத்த குறிச்சு எல்லா சர்வீஸும் அங்க தான் முதல்ல வரணும்னு சொல்லணும். இத ஆர்.வி. பாயிண்ட்னு சொல்வாங்க. மான்செஸ்டர்ல ஆளாளுக்கு ஒரு இடம் சொன்னாங்க. அரீனால இருந்து அரை மைல்ல ஒரு ஃபயர் ஸ்டேஷன் இருந்துச்சு, ஆனா ஃபயர் டீம மூணு மைல் தள்ளி இருக்கற இன்னொரு ஸ்டேஷனுக்குப் போய் காத்திருக்கச் சொன்னாங்க, கடைசில அவங்க அரீனாவுக்கு வந்து சேர்றப்ப ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆயிடுச்சு. ஸ்ட்ரெச்சர் தூக்க, டிராமா சிகிச்சை கொடுக்கப் பழகின ஆளுங்க அவங்க. உள்ள முதல் நாப்பது நிமிஷம் ஒரே ஒரு பாராமெடிக் தான் இருந்தாரு, அடிபட்டவங்கள விளம்பரப் பலகையிலயும் கம்பித் தடுப்புலயும் வச்சு தூக்கிட்டு வந்தாங்க. நேரத்துக்கு சிகிச்சை கிடைச்சிருந்தா இறந்தவங்கள்ல ஒருத்தர் அனேகமா பிழைச்சிருப்பாருன்னு விசாரணைல சொல்லியிருக்காங்க. இத ஒவ்வொரு தடவ படிக்கறப்பவும் மனசு கனத்துப் போகுது.

வளையம் மூணு. உள் வளையம் சம்பவம் நடந்த இடத்த சுத்தி, உள்ள போறவங்க வெளிய வர்றவங்க பேர் எழுத ஒரு ஆள் நிக்கணும், உயிர் காக்கற வேலை முடிஞ்ச உடனே அது தடய இடமா மாறிடும். வெளி வளையம் ஜனங்களையும் மீடியாவையும் நிறுத்த, கமாண்ட் போஸ்ட், ஆம்புலன்ஸ் நிக்கற இடம் எல்லாம் இந்த ரெண்டுக்கும் நடுவுல வரும். மூணாவது டிராஃபிக் வளையம், நிறைய பேரு மறந்துடறது இத. வர்ற ஆம்புலன்ஸ் ஒரு வழில வந்து இன்னொரு வழில போகலன்னா பத்து நிமிஷத்துல ரோடு பிளாக் ஆகி நிரம்பின வண்டி வெளிய வர முடியாம நிக்கும்.

ஆயுதத் தாக்குதல்னா இதுக்கு மேல ஹாட், வார்ம், கோல்டுனு ஆபத்து அளவ வச்சு இடத்த பிரிப்பாங்க. இந்த கோல்டு குளிர்ங்கற அர்த்தத்துல வர்றது, கமாண்டர் கோல்டோட குழப்பிக்காதீங்க. பிரிச்சா மட்டும் பத்தாது, திரும்பத் திரும்ப பாத்து மாத்தணும். ஆயுதப் போலீஸ் உள்ள போய் "இங்க இனிமே யாரும் இல்ல"ன்னு உறுதி பண்ணின பிறகும் ஹாட்னே வச்சிருந்தா மருத்துவ டீம் வாசல்லயே நிக்கும்.

ஸ்டெப் 5: மூணு சர்வீஸ் கமாண்டரும் ஒரே இடத்துல நிக்கறது

போலீஸ், ஃபயர், ஆம்புலன்ஸ் மூணு கமாண்டரும் தோளோட தோள் உரச நின்னு பேசணும், போன்ல பேசிக்கலாம்ங்கறது செல்லாது. 2012-ல இருந்து ஜெசிப்னு ஒரு திட்டம் இத தான் பிரிட்டன்ல சொல்லிக் கொடுக்குது: ஒரே இடத்துல சேருங்க, புரியற வார்த்தையில பேசுங்க, ஒருங்கிணைஞ்சு செய்யுங்க, ஆபத்த சேர்ந்து எடை போடுங்க, எல்லாருக்கும் ஒரே நிலவரம் தெரியற மாதிரி பாத்துக்கோங்க. மான்செஸ்டர் சம்பவம் நடந்தது இந்தத் திட்டம் வந்து அஞ்சு வருஷம் கழிச்சு, பேப்பர்ல இருந்தா மட்டும் போதாதுங்கறதுக்கு இத விட என்ன சொல்ல.

சில பேரு கேப்பாங்க, மூணு பேரும் பேசிக்கிட்டு இருந்தா நேரம் போகாதான்னு. முதல் சந்திப்புக்கு அஞ்சு நிமிஷம் போதும்: என்ன தெரியும், என்ன தெரியாது, அடுத்த அரை மணில முதல் வேலை எது. அப்புறம் திரும்ப எப்ப கூடறதுன்னு நேரம் குறிச்சுட்டு கலைஞ்சுடணும்.

ஸ்டெப் 6: மைக்கும் போனும் வேலை செய்யாதப்ப

2005 ஜூலை 7 லண்டன் குண்டுவெடிப்புல 52 பேர் இறந்தாங்க, பாதாள ரயில் சுரங்கத்துக்குள்ள போலீஸ் ரேடியோ பல பேருக்கு எடுக்கல, ஆள் மேல ஓடி வந்து தகவல் சொல்லிட்டு திரும்ப கீழ ஓடினாங்க. அன்னைக்கே இன்னொண்ணும் நடந்துச்சு. ஆல்ட்கேட் பக்கம் ஒரு கம்பெனியோட மொபைல் நெட்வொர்க்க அவசர சேவைகளுக்கு மட்டும்னு சிட்டி ஆஃப் லண்டன் போலீஸ் கட்டுப்படுத்தச் சொன்னாங்க, எல்லா சர்வீஸும் சேர்ந்த கோல்டு குழு அத பண்ண வேண்டாம்னு முடிவு பண்ணியிருந்த நேரத்துல. அனுமதி பெற்ற போன் இல்லாத மீட்புக்காரங்களும் அதுல மாட்டிக்கிட்டாங்க.

இதுல செய்ய வேண்டியது சிம்பிள் தான்: பேச்சு நெரிசலாகாம இருக்க கமாண்டுக்கு தனி சேனல், மூணு சர்வீஸுக்கும் பொதுவான ஒரு சேனல், ரெண்டும் போச்சுன்னா ஓடுறதுக்கு பேர் சொல்லி நியமிச்ச ரெண்டு ஆள்.

ஸ்டெப் 7: லாக்

ஒவ்வொரு கமாண்டர் பக்கத்துலயும் எழுதறதுக்குன்னே ஒரு ஆள், லாகிஸ்ட்னு சொல்வாங்க, நோட்டும் பேனாவுமா. மணி, என்ன தகவல் வந்துச்சு, என்ன முடிவு, ஏன் அந்த முடிவு, வேற என்ன வழி இருந்து ஏன் விட்டாரு. "11:05. கிழக்கு வாசல் திறக்கறோம். காரணம்: ஆம்புலன்ஸ் வரிசை மேற்குல தேங்கிடுச்சு" இந்த அளவுக்கு இருந்தா போதும். அடிச்சா ஒரே கோடு, கிழிக்கக் கூடாது. ஷிஃப்ட் மாறி வர்ற அடுத்த சில்வருக்கு இந்த நோட்டு தான் கண்ணு, வருஷம் கழிச்சு விசாரணைல நிக்கறப்ப அவருக்கு இருக்கற ஒரே துணையும் அது தான்.

ஸ்டெப் 8: கூப்பிடாம வர்றவங்க

நல்ல எண்ணத்துல வர்ற கூட்டம் போலீஸ்லயே இருக்கும். 2013 ஏப்ரல்ல பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்கு அப்புறம் பல ஏஜென்சி ஒரே ஹோட்டல்ல சேர்ந்து கூட்டு கமாண்ட் அமைச்சது பாராட்டப்பட்டுச்சு. ஆனா நாலு நாள் கழிச்சு வாட்டர்டவுன்ல குற்றவாளிங்கள மடக்கறப்ப சுத்துப்பட்டு ஊர் போலீஸ் எல்லாம் தானா கிளம்பி வந்து குவிஞ்சுட்டாங்க, யாரு யார் கீழன்னு தெரியல, துப்பாக்கிச் சூட்டுல ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரருக்கு பலத்த காயம், சக போலீஸோட குண்டா தான் இருக்கணும்னு சொல்றாங்க. அதனால வர்ற ஆளுங்க சேர ஒரு தனி இடம், பேர் பதிவு, டீமா பிரிச்சு ஒரு பிரான்ஸ் கையில ஒப்படைக்கறது, அது வரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாது.

ஸ்டெப் 9: குடும்பங்களும் மீடியாவும்

காணாம போனவங்களப் பத்தி கேக்க ஒரு நம்பர், பிரிட்டன்ல இத கேஷுவல்டி பீரோன்னு போலீஸே நடத்தும், உயிர் தப்பினவங்களுக்கு ஒரு இடம், சொந்தக்காரங்க காத்திருக்க வேற இடம். மீடியாவுக்கு ஒரே வாய், முதல் மணி நேரத்துக்குள்ள ஒரு தடவையாவது பேசிடணும், "இது வரைக்கும் உறுதியா தெரிஞ்சது இவ்வளவு, அடுத்து இத்தனை மணிக்கு பேசறோம்"னு. போலீஸ் பேசாத ஒவ்வொரு நிமிஷமும் வாட்ஸ்அப் பேசும்.

நம்ம நாட்டுல இது எப்படி

2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்துக்கு அப்புறம், 2010-ல தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ் சிஸ்டம்னு வழிகாட்டுதல் கொண்டு வந்துச்சு, அமெரிக்க முறைய நம்ம நிர்வாகத்துக்கு ஏத்த மாதிரி மாத்தினது. மாநிலத்துல தலைமைச் செயலாளர், மாவட்டத்துல கலெக்டர் பொறுப்பு அதிகாரி. அவருக்குக் கீழ இன்சிடென்ட் கமாண்டர், அப்புறம் ஆபரேஷன்ஸ், பிளானிங், லாஜிஸ்டிக்ஸ்னு மூணு பிரிவு, பண விவகாரம் லாஜிஸ்டிக்ஸ்குள்ளயே வந்துடும். வெள்ளம், புயல்னா கலெக்டர் முன்ன நிப்பாரு, எஸ்.பி டீம் டிராஃபிக், பந்தோபஸ்து, ஜனங்கள வெளியேத்தறது, காலி வீடுகளுக்கு காவல்னு பாத்துக்கும், அரக்கோணத்துல இருக்கற தேசிய பேரிடர் மீட்புப் படையோட 4-வது பட்டாலியன் படகோட வந்து சேரும். ஜனங்க கூப்பிட மாவட்டத்துக்கு 1077, மாநிலத்துக்கு 1070, போலீஸ் அவசரத்துக்கு 112.

தாக்குதல் மாதிரி சம்பவத்துல போலீஸே முன்னணி. அதுல நாம மறக்கக் கூடாத பாடம் 2008 நவம்பர் 26 மும்பை, பத்து பேர் ஒரே ராத்திரில பல இடத்துல தாக்கினாங்க, 166 பேர் இறந்தாங்க. ஹேமந்த் கர்கரே, அசோக் காம்தே, விஜய் சலஸ்கர்னு மூணு அனுபவமுள்ள போலீஸ் அதிகாரிங்களும் ஒரே வண்டில போறப்ப காமா ஆஸ்பத்திரி பக்கத்துல உயிரக் கொடுத்தாங்க, அவங்க வீரத்துக்கு முன்னாடி தலை வணங்கறேன். கமாண்ட் கண்ணோட்டத்துல அந்த ராத்திரி சொல்றது, மேல இருந்து முடிவெடுக்க வேண்டிய அனுபவசாலிங்க ஒரே வண்டில முன்னணிக்குப் போற நிலைமை வராம அமைப்பு தான் பாத்துக்கணும்ங்கறது. டெல்லி பக்கத்துல மானேசர்ல இருந்து என்.எஸ்.ஜி (தேசிய பாதுகாப்புப் படை கமாண்டோக்கள்) வந்து சேர மறுநாள் காலை ஆனதால தான், பிறகு சென்னை உட்பட சில நகரங்கள்ல அவங்களுக்கு தனி மையம் அமைச்சாங்க.

ஸ்டெப் 10: டீப்ரீஃப்பும் ஒத்திகையும்

சம்பவம் முடிஞ்ச அன்னைக்கே, வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன டீப்ரீஃப், அதாவது எது சரியா நடந்துச்சு, எது தப்பாச்சுன்னு உக்காந்து பேசறது, ஞாபகம் சூடா இருக்கறப்பவே. சில வாரம் கழிச்சு எல்லா சர்வீஸும் சேர்ந்து விரிவா ஒண்ணு. குத்தம் கண்டுபிடிக்கற கூட்டமா இத நடத்தினா யாரும் உண்மைய சொல்ல மாட்டாங்க, அதனால கான்ஸ்டபிள முதல்ல பேச விடுங்க, அதிகாரி கடைசில பேசட்டும்.

மான்செஸ்டர் கதைல என்ன உலுக்கினது இங்க தான் வருது. 2016 மே மாசம், குண்டுவெடிப்புக்கு ஒரு வருஷம் முன்னாடி, அதே மான்செஸ்டர்ல விஞ்செஸ்டர் அக்கார்டுன்னு பெரிய ஒத்திகை நடத்தினாங்க. டியூட்டி ஆபீசர் மேல சுமை ஏறி மூச்சு முட்டினதும், மத்த சர்வீஸுக்கு தகவல் போகாம காத்துக் கிடந்ததும் அப்பவே தெரிஞ்சுடுச்சு. தெரிஞ்சும் சரியாகல.

அதனால டீப்ரீஃப்ல வர்ற ஒவ்வொரு குறைக்கும் எதிர்ல ஒரு ஆளோட பேரும் ஒரு தேதியும் எழுதுங்க. அந்த தேதி வந்த உடனே அந்த ஒரு குறைய மட்டும் எடுத்து திரும்ப ஒத்திகை பாருங்க, முன்னறிவிப்பு இல்லாம, ராத்திரி ஷிஃப்ட்ல, அன்னைக்கு நிஜமா டியூட்டில இருக்கற ஆள அந்த நாற்காலில வச்சே. ஃபயர் கண்ட்ரோலுக்கு தகவல் போக எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு வாட்ச் வச்சு எழுதுங்க. அந்த எண் குறையற வரைக்கும் ஃபைல மூடாதீங்க.